கல்வெட்டுப் பதிவில் திறன்பேசிக் கேமராவின் தானியங்குச் செயலாக்கம்: சோழபுரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

களப்பணியில் கல்வெட்டுகளைப் பதிவுசெய்யும் கருவியாகத் திறன்பேசி இன்று பரவலாகப் பயன்படுகிறது. திறன்பேசி தரும் படம் கல்லின் நேரடிப் பதிவன்று. கருவியின் மென்பொருள் பல நிலைகளில் திருத்தியமைத்த ஒன்று. நிழலை வெளுப்பாக்குதல், இரைச்சல் நீக்குதல், விளிம்பைக் கூர்மையாக்குதல் ஆகிய செயல்கள் முகத்தையும் நிலக்காட்சியையும் அழகுபடுத்துவதற்காக வகுக்கப்பட்டவை. நிழலாலும் நுண்கோட்டாலும் மட்டுமே புலப்படும் கல்வெட்டெழுத்திற்கு அவை தீங்காக முடிவதுண்டு. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகியவற்றைச் சூழ்ந்த சோழபுரம் வட்டாரத்தின் எழுத்து மரபையும் ஒளியமைப்பையும் முன்வைத்து, இச்செயலாக்கம் நிகழும் முறையையும் அதனைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, திறன்பேசி, படச்செயலாக்கம், சாய்வொளி, மைப்படி, பாண்டியர் ஆட்சியாண்டு, சோழபுரம்.

முன்னுரை

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பணி 1886ஆம் ஆண்டில் ஊல்சு கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட பின்னர் ஒழுங்கமைந்த துறையாக வளர்ந்தது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. அக்காலம் முதல் இன்று வரை அடிப்படைச் சான்றாக விளங்குவது மைப்படியே. கல்லைத் தூய்மைசெய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களில் தாளைப் படியவைத்து, பின்னர் மையொற்றி எடுப்பது மைப்படியாகும். தாள் கல்லைத் தொடுவதால், பள்ளம் வெள்ளையாகவும் மேற்பரப்பு கறுப்பாகவும் பதிகின்றன. இங்கு இடைப்படுவன தாள், மை, கை ஆகியவை மட்டுமே. எது எழுத்து, எது பொரிவு என்னும் முடிவு படிப்பவரிடமே விடப்படுகிறது.

திறன்பேசிப் படத்தில் நிலைமை வேறு. படிப்பவர் படத்தைக் காண்பதற்கு முன்பே, எது தேவையான விவரம், எது தேவையற்ற இரைச்சல் என்பதைக் கருவி தீர்மானித்துவிடுகிறது. இத்தீர்மானம் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை அறியாமல் படத்தைச் சான்றாகக் கொள்வது ஆய்வு நெறிக்கு ஏற்றதன்று.

1. வட்டாரமும் எழுத்தும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலையொட்டி இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. இராஜபாளையத்தை அடுத்த ஊர்களுள் ஒன்று சோழபுரம். பாண்டிய நாட்டின் உட்பகுதியில் சோழர் பெயரைத் தாங்கிய இவ்வூர்ப்பெயரே, இரு மரபுகளின் ஆட்சியும் கலந்த ஒரு வரலாற்றை நினைவூட்டுவதாக உள்ளது.

பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் இராசேந்திரன் தன் மகனைச் சோழபாண்டியன் என்னும் பட்டத்துடன் பாண்டிய நாட்டை ஆள அமர்த்தினான். சோழபாண்டியர் தமக்கெனப் புதிய பட்டமுறையை வகுத்துக்கொள்ளவில்லை. பாண்டியர் மாறிமாறிச் சூடிய சடையவர்மன், மாறவர்மன் என்னும் பெயர்களையே அவர்களும் ஏற்றனர். ஆகவே, 'சடையவர்மன் சுந்தர' எனத் தொடங்கும் ஒரு தொடரில் அடுத்து வருவது 'சோழபாண்டிய' என்பதா, 'பாண்டிய' என்பதா என்பதைப் பொறுத்துக் கல்வெட்டின் காலம் ஏறத்தாழ இரு நூற்றாண்டு மாறக்கூடும். அவ்விடத்தில் கல் சிதைந்திருப்பின், எஞ்சியுள்ள ஓரிரு கோடுகளே முடிவைத் தரவேண்டும்.

எழுத்தியல்பும் இச்சிக்கலைக் கூட்டுகிறது. பாண்டிய நாட்டில் பதினோராம் நூற்றாண்டு வரை வட்டெழுத்து பெருவழக்காக இருந்தது. சோழர் ஆட்சிக்குப் பின்னர் தமிழெழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. வட்டெழுத்தில் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய வடிவின. தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. இடப்பட்ட இடங்களில் அது அரிய சான்றாகிறது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. கால் என்னும் குறியும் ரகரமும் ஒரே உருவில் அமைவதுண்டு. இகர ஈகாரக் குறிகள் ஒரு சிறு சுழியால் மட்டுமே வேறுபடுகின்றன.

எண்களின் நிலையும் இத்தகையதே. ௧ என்பது ககரத்தின் வடிவிலும், ௪ என்பது சகரத்தின் வடிவிலும், ௮ என்பது அகரத்தின் வடிவிலும் அமைந்துள்ளன. ககரமும் சகரமும் மேற்கோட்டாலும் செங்கோட்டாலும் ஆன நெருங்கிய உருவங்களாதலால், தேய்ந்த கல்லில் ஒன்று மற்றொன்றாகத் தோன்றக்கூடும். அவ்வாறு தோன்றினால் நான்காம் ஆட்சியாண்டு முதலாம் ஆட்சியாண்டாகிவிடும். பாண்டியர் கல்வெட்டுகளில் ஓர் ஆண்டைக் கூறி, 'அதன் எதிர்' என மற்றோர் ஆண்டையும் சேர்த்தெழுதும் வழக்கம் உள்ளமையால், ஒரே தொடரில் இரண்டு எண்களைப் பிழையின்றிப் படிக்க வேண்டியுள்ளது. கிழமை, திதி, நட்சத்திரம் ஆகிய குறிப்புகளைக் கொண்டு பாண்டிய மன்னர்களின் காலத்தைக் கணிக்கும் முறையைக் கீல்கார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை முதலியோர் வளர்த்தனர். சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கப் பேரட்டவணை 1922இல் வெளிவந்தது. இக்கணிப்பு முழுவதும் எண்களும் நாட்குறிப்புகளும் சரியாகப் படிக்கப்பட்டன என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பதாகும்.

2. படம் உருவாகும் முறை

திறன்பேசியின் ஒளியுணரி தானாக நிறத்தை அறிவதில்லை. கோடாக் நிறுவனத்தின் பிரைசு பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற நிறவடிகட்டி அமைப்பே இன்றும் பெரும்பாலான உணரிகளுக்கு அடிப்படை. இதில் பாதிப் புள்ளிகள் பச்சையையும், காற்பகுதி சிவப்பையும், எஞ்சிய காற்பகுதி நீலத்தையும் மட்டுமே அளக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அண்டைப் புள்ளிகளிலிருந்து மென்பொருள் கணித்து நிரப்புகிறது. அதாவது, படத்திலுள்ள நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அளக்கப்பட்டவையல்ல; கணிக்கப்பட்டவை.

இதன்பின் நிகழும் செயல்களுள் கல்வெட்டுப் பதிவைப் பாதிப்பவை நான்கு.

முதலாவது, பல படங்களை ஒன்றாக்குதல். பொத்தானை ஒருமுறை தொடும்போது கருவி பல படங்களை விரைந்தெடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கிறது. கூகுள், ஆப்பிள் முதலிய நிறுவனங்களின் கருவிகளில் இது வழக்கமான நடைமுறையாகிவிட்டது. கையசைவால் படங்கள் முற்றிலும் பொருந்தாத இடங்களில் நுண்கோடுகள் மங்கவோ இரட்டிக்கவோ செய்யும்.

இரண்டாவது, ஒளிச்சமன்பாடு. எச்.டி.ஆர் எனப்படும் முறை இருண்ட பகுதிகளை வெளுப்பாக்கி, மிகு வெளிச்சமான பகுதிகளை அடக்குகிறது. வெயிலில் நிற்பவரின் முகத்தில் விழும் நிழலைப் போக்க இது பயன்படும். கல்வெட்டிலோ, எழுத்தைக் காட்டுவதே நிழல்தான். கல்லும் எழுத்தும் ஒரே நிறத்தின. பள்ளத்தில் விழும் நிழல் ஒன்றே எழுத்தைப் பிரித்துக் காட்டுகிறது. அந்நிழலை வெளுப்பாக்குவது எழுத்தை அழிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, இரைச்சல் நீக்கம். குறைந்த ஒளியில் உணரியில் தோன்றும் ஒழுங்கற்ற புள்ளிகளை மென்பொருள் கண்டறிந்து அழிக்கிறது. கருங்கல்லின் மணிகளும் பொரிவுகளும் இத்தகைய புள்ளிகளையே ஒத்திருக்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளியும் அவ்வாறே. இவற்றுள் எது கருவியின் இரைச்சல், எது கல்லின் மணி, எது உளி இட்ட புள்ளி எனப் பிரித்தறியும் அறிவு மென்பொருளுக்கு இல்லை.

நான்காவது, கூர்மையாக்கம். ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பின் ஒரு பக்கத்தை மேலும் வெளுப்பாக்கி, மறுபக்கத்தை மேலும் கருமையாக்குவதால் படம் தெளிவாகத் தோன்றும். இதனால் விளிம்பையொட்டி இல்லாத ஒரு வெண்கோடு உருவாவதுண்டு. ஒற்றைக் கீறல் இரட்டைக் கோடாகத் தோன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

3. தெளிவாகத் தோன்றும் பிழை

மங்கிய படம் தன் குறையைத் தானே காட்டிவிடும். தெளிவாகத் தோன்றும் பிழையே ஆய்வாளரை ஏமாற்றவல்லது. இதற்கு இரு நிகழ்வுகள் சான்றாகும்.

2013ஆம் ஆண்டில் டேவிட் கிரீசல் என்னும் செருமானியக் கணினியியலாளர், செராக்சு நிறுவனத்தின் சில நகலிகள் ஆவணங்களை வருடும்போது எண்களை மாற்றிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். ஒரு கட்டடப் படத்திலிருந்த அறைப் பரப்பளவுகள் வேறு எண்களாக மாறியிருந்தன. 6 என்பது 8 ஆகிய இடங்களும் உண்டு. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக ஒத்த வடிவுடைய குறிகளை ஒன்றெனக் கொண்டு, ஒன்றன் உருவையே மற்றொன்றன் இடத்திலும் வைத்த சுருக்கமுறை இதற்குக் காரணமாயிற்று. எண்கள் மங்கலாக இல்லை. அச்சிட்டாற்போல் தெளிவாக இருந்தன. அதனாலேயே பிழை நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை.

2023 மார்ச்சில், சாம்சங் திறன்பேசியின் நிலவுப் படங்களைப் பற்றிய ஒரு சோதனை உலக அளவில் பேசப்பட்டது. பயனர் ஒருவர் நிலவின் படத்தைத் தாமே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி, இருண்ட அறையில் அதனைத் திறன்பேசியால் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தோன்றின. நிலவை அடையாளம் கண்டு, அதன் விவரங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் மேம்படுத்தும் வசதி அக்கருவியில் இருப்பதை நிறுவனமும் விளக்கியது.

இவ்விரண்டும் கல்வெட்டைப் பற்றியன அல்ல. எனினும் அவை உணர்த்தும் உண்மை கல்வெட்டுக்கும் பொருந்தும்: கருவி தான் அறிந்த வடிவங்களைக் கொண்டு அறியாத இடத்தை நிரப்பும் இயல்புடையது. திறன்பேசிகளிலுள்ள ஆவண வருடல் வசதி அச்செழுத்தைக் கருதியே அமைந்துள்ளது. பழங்கல்லின் எழுத்தை அவ்வசதியால் எடுப்பது, இன்றைய அச்சுக்குரிய எதிர்பார்ப்பைப் பழைய எழுத்தின்மேல் ஏற்றுவதாக முடியும்.

4. ஒளியமைப்பு

மென்பொருள் செய்ய முயலும் வேலையை ஒளியமைப்பு செய்துவிடுமாயின், மென்பொருளுக்கு இடமிராது. கல்லின் பரப்பை ஏறத்தாழ 10 முதல் 20 பாகைக் கோணத்தில் தழுவிச் செல்லும் சாய்வொளியே இதற்கு ஏற்றது. நேரெதிரே நின்று மின்னொளி பாய்ச்சினால் பள்ளத்தின் நிழல் மறைந்து எழுத்து கல்லோடு கலந்துவிடும். ஆகவே திறன்பேசியின் மின்னொளியை அணைத்துவைத்தல் முதல் விதியாகும்.

கிழக்குச் சுவருக்கு முற்பகலின் பிற்பகுதியும், மேற்குச் சுவருக்கு நண்பகலை அடுத்த பொழுதும் ஏற்றவை. அப்பொழுதுகளில் கதிரவன் உயர்ந்து நிற்பதால் ஒளி சுவரைத் தழுவி இறங்குகிறது. வடக்குச் சுவரில் வெயில் விழாது என்னும் பொதுக்கருத்து இவ்வட்டாரத்திற்கு முழுமையாகப் பொருந்தாது. இராஜபாளையம் ஏறத்தாழ 9.5 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஆதலால் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகலில் கதிரவன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் இறுதியில் நண்பகல் ஒளி வடக்குச் சுவரை ஏறத்தாழ 14 பாகைக் கோணத்தில் மேலிருந்து தழுவுகிறது. இந்தியப் பொது நேரப்படி இங்கு நண்பகல் என்பது ஏறத்தாழ 12.20 மணி. ஆண்டில் பெரும்பகுதி நிழலில் கிடக்கும் வடசுவர்க் கல்வெட்டுகளுக்கு இதுவே உரிய பொழுது.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. அரைமீட்டர் நீண்டிருக்கும் கபோதம் அவ்வேளையில் சுவரின் மேற்பகுதியில் ஏறத்தாழ 2 மீட்டர் அளவிற்கு நிழல் வீழ்த்தும். அதற்குக் கீழுள்ள வரிகளும், முன்தள்ளி அமைந்த ஜகதி, குமுதம் முதலிய அதிட்டான உறுப்புகளும் ஒளி பெறும். கபோத நிழலில் உள்ள பகுதிக்கும் மண்டபத்தின் உட்சுவருக்கும் கைவிளக்கே துணை. ஒருவர் கேமராவை அசையாது பிடிக்க, மற்றொருவர் விளக்கை இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசையிலிருந்தும் சாய்த்துக் காட்ட, நான்கு படங்கள் எடுக்கப்பட வேண்டும். கிடைக்கோட்டை மேலொளியும், செங்கோட்டைப் பக்கவொளியும் நன்கு காட்டும். ஒரே ஒரு திசையில் எடுத்த படத்தில், அத்திசைக்கு இணையாகச் செல்லும் கோடு முற்றிலும் மறைந்துபோகலாம்.

எச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்சுபெண்டரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட முறை இதே கருத்தின் விரிவாகும். பல திசைகளிலிருந்து ஒளியூட்டி எடுத்த படங்களைக் கணினியில் இணைத்து, பின்னர் திரையிலேயே ஒளியின் திசையை மாற்றிப் பார்க்க அம்முறை உதவுகிறது. நான்கு படங்கள் அதற்கு ஈடாகா. எனினும் அதன் பயனில் ஒரு பகுதியை எளிய செலவில் தருகின்றன.

5. செயலாக்கத்தைக் கட்டுப்படுத்தல்

கேமராவில் 'புரோ' அல்லது 'கைமுறை' எனப்படும் நிலை இருப்பின் அதனைத் தேர்ந்தெடுத்து, ரா கோப்பாகப் பதிவது சிறந்தது. ரா கோப்பு உணரி அளந்த மதிப்புகளைப் பெரும்பாலும் அவ்வாறே காப்பது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், கருவி இடங்கொடுப்பின் டி.என்.ஜி வடிவில் ரா கோப்பை எடுக்க வழியுண்டு. ஆப்பிள் 2020 இறுதியில் புரோரா என்னும் வடிவை அறிமுகப்படுத்தியது. பின்னது பல படங்களைச் சேர்த்த பின்னர் உருவாவதாதலால், அதனை முற்றிலும் செயலாக்கப்படாத மூலமாகக் கருதுதல் கூடாது. 12 மெகாபிக்சல் புரோரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 எம்.பி. இடங்கொள்ளும், களப்பயணத்திற்கு முன் நினைவக இடத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும்.

ரா வசதி இல்லாத கருவிகளில் எச்.டி.ஆர், இரவு நிலை, காட்சி மேம்பாடு ஆகியவற்றை அணைக்கலாம். ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமரா என்னும் செயலியில், கருவி அனுமதிக்கும் அளவிற்கு இரைச்சல் நீக்கத்தையும் விளிம்புக் கூர்மையாக்கத்தையும் தனித்தனியே நிறுத்த இயலும். ஐ.எஸ்.ஓ மதிப்பை 50 அல்லது 100 அளவில் வைத்து, முக்காலியில் பொருத்தி, சில நொடி தாமதித்துப் படமெடுக்கும்படி அமைத்தால் இரைச்சலே குறைவாகத் தோன்றும். நீக்க வேண்டிய தேவையும் குறையும். திரையில் எழுத்தின்மேல் சற்றுநேரம் அழுத்திக் குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிக்கொள்வதும், வெளிச்ச அளவைச் சற்றே தாழ்த்துவதும் நிழலைக் காக்கும்.

இலக்கமுறை உருப்பெருக்கத்தைத் தவிர்த்து அருகே செல்லுதல் வேண்டும். இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். 12 மெகாபிக்சல் படத்தின் நீளவாட்டில் ஏறத்தாழ 4000 புள்ளிகள் உள்ளன. 4 மீட்டர் சுவர் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியே கிடைக்கும். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள உளிக்கோட்டிற்கு மூன்று புள்ளிகள் மட்டுமே. இரைச்சல் நீக்கம் அதனை எளிதில் துடைத்துவிடும். ஒரு மீட்டர் பரப்பை மட்டும் எடுத்தால் அதே கோட்டிற்கு 12 புள்ளிகளும், 4 சென்டிமீட்டர் எழுத்திற்கு 160 புள்ளிகளும் கிடைக்கும். எனவே சுவர் முழுவதையும் காட்டும் படம் ஒன்றும், அடுத்தடுத்துச் சற்றே மேற்படியும் மீட்டர் அளவிலான படங்களும் எடுப்பது தகும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் சாம்பல்நிற அட்டையும் இடம்பெற வேண்டும்.

ஐயத்திற்குரிய எழுத்தை ரா நிலையிலும் தானியங்கு நிலையிலும் ஒருமுறை எடுத்து ஒப்பிடுவது பயனுள்ள சோதனை. ஒரு கோடு தானியங்குப் படத்தில் மட்டும் காணப்படுமாயின், அது கூர்மையாக்கத்தின் விளைவாக இருக்கலாம். ரா படத்தில் மட்டும் காணப்படுமாயின், இரைச்சலென நீக்கப்பட்டிருக்கலாம். இரண்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட ஒளித்திசையிலும் காணப்படும் கோட்டையே பாடத்தில் உறுதியாகக் கொள்ளலாம். ஏனையவை ஐயக்குறியுடன் தரப்பட வேண்டும்.

6. பேணலும் பகிர்தலும்

எடுத்த படம் ஆய்வாளரைச் சென்றடையும் வழியிலும் மாற்றமடைகிறது. ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கைவிடுகிறது. வாட்ஸ்அப் முதலிய செயலிகளில் படமாக அனுப்பும்போது அது மேலும் சுருக்கப்படுகிறது. ஆவணமாக அனுப்பினால் மூலக்கோப்பே சென்றுசேரும். கல்வெட்டுப் படங்கள் இன்று பெரும்பாலும் இத்தகைய குழுக்களின் வழியே பரவுவதால் இவ்வேறுபாடு கருதத்தக்கது. மூலக்கோப்பின்மேல் திருத்தம் செய்யாது, நகலின்மேல் மட்டுமே செய்தல் வேண்டும். ஊர், கோயில், சுவர், வரி, நாள், நேரம், ஒளியின் திசை, கருவி, படநிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் உடனுக்குடன் எழுதிவைத்தல் படத்தின் சான்றுமதிப்பை உயர்த்தும்.

படமெடுக்கும் உரிமையும் முன்னரே பெறப்பட வேண்டும். கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. ஆகவே இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களில் எழுத்துவழி இசைவு இன்றியமையாதது. வழிபாட்டுக்கும் அங்குள்ளோர்க்கும் இடையூறின்றிப் பணியை அமைத்துக்கொள்வதும் பதிவாளரின் கடமையாகும்.

முடிவுரை

வெள்ளையடித்தலாலும் மணல்வீச்சாலும் திருப்பணியில் கற்களை மாற்றியமைத்தலாலும் பல கல்வெட்டுகள் அழிந்துள்ளன. மைப்படி எடுக்கும் பயிற்சியாளர் சென்றடையாத ஊர்களில், திறன்பேசிப் படமே ஒரு கல்வெட்டின் ஒரே பதிவாக எஞ்ச நேரலாம். அந்நிலையில், கல் அழிந்தபின் படத்தைக் கல்லோடு ஒப்பிட்டுத் திருத்த வழியிராது. கருவி நீக்கிய புள்ளி என்றென்றைக்குமாக நீங்கியதாகும். கருவி சேர்த்த கோடு வரலாற்றின் பகுதியாகிவிடும்.

எனவே திறன்பேசியைத் தவிர்ப்பதன்று, அதன் செயலாக்கத்தை அறிந்து அடக்குவதே வேண்டப்படுவது. ஒளியைச் சாய்த்தல், அருகே செல்லுதல், நான்கு திசையிலும் எடுத்தல், தானியங்கு மேம்பாடுகளை நிறுத்துதல், மூலக்கோப்பைக் காத்தல் ஆகிய ஐந்தும் பெருஞ்செலவின்றி எவரும் பின்பற்றத்தக்கவை. கல்வெட்டுப் பாடத்தை வெளியிடுவோர், அது கல்லிலிருந்து படிக்கப்பட்டதா, மைப்படியிலிருந்தா, திறன்பேசிப் படத்திலிருந்தா என்பதையும், படமாயின் எந்நிலையில் எடுக்கப்பட்டது என்பதையும் குறிப்பிடுதல் வழக்கமாக வேண்டும். எழுத்து எது, பொரிவு எது என்னும் முடிவு அப்போதுதான் படிப்பவரிடம் மீளும்.